தமிழைக் கடைசியில் கூப்பிடாதீர்கள்: கொழும்பு விளம்பர நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் விளம்பரம் யோசிக்கிறவர்களுக்கும், வடிவமைக்கிறவர்களுக்கும், அதற்குக் காசு கொடுக்கிற நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

பதினொரு வருடங்களாக உங்கள் விளம்பரங்களுக்குத் தமிழ் எழுதிக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு முன்பு புறக்கோட்டையில் ஒரு அச்சகத்தில் புரூஃப் பார்த்தேன். உங்களில் பலருக்கு வேலை செய்திருக்கிறேன். ஆனால் உங்கள் கூட்ட அறை ஒன்றிலும் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. உங்களுக்கும் எனக்கும் இடையில் இருப்பது ஒரு மின்னஞ்சல் மட்டும். அது பெரும்பாலும் பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு வரும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ முடிந்துபோன ஆர்ட்வேர்க் ஒன்று கூடவே வரும். படம் முடிவாகியிருக்கும், நிறம் முடிவாகியிருக்கும், வசனத்துக்குக் கிளையண்டின் சம்மதமும் கிடைத்திருக்கும். கீழே ஒரே ஒரு வரி: இதைத் தமிழில் தாருங்கள், காலையில் அச்சுக்குப் போகிறது.

தொழிலில் இதற்கு ஒரு பேச்சு உண்டு. "தமிழ் போடுறது" என்பார்கள். தமிழ் போட்டாச்சா? தமிழ் போட எவ்வளவு நேரம் எடுக்கும்? கறியை இறக்கிவிட்டுக் கடைசியில் கறிவேப்பிலை போடுகிற மாதிரி. அந்தப் பேச்சை நீங்கள் கைவிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். விளம்பரத்துக்குத் தமிழைப் பிறகு போட முடியாது. தமிழர் ஒருவரோடு பேச வேண்டுமென்றால் முதல்நாளே தமிழில் யோசிக்க வேண்டும்.

இது என் பிழைப்பைப் பற்றிய முறைப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த நகரத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளை பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு வெளியே அதிகம் வாசிக்கிற தமிழ் எது? நீங்கள் எழுதுகிற தமிழ்தான். பத்திரிகை எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. கதைப்புத்தகம் வாங்கிக் கொடுக்க எல்லோரிடமும் காசில்லை. காலி வீதியில் பஸ்ஸில் போகிற பிள்ளைக்கு ஜன்னலுக்கு வெளியே இருக்கிற வாசிப்புப் புத்தகம் உங்கள் விளம்பரப் பலகைகள்.

என் தங்கையின் மகனுக்கு ஆறு வயது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கியதிலிருந்து அவனோடு பஸ்ஸில் போவது எனக்குப் பெரிய சந்தோஷம். கண்ணில் படுகிற பலகையையெல்லாம் சத்தமாக வாசிப்பான். ஒருநாள் வெள்ளவத்தையிலிருந்து வரும்போது ஒரு பெரிய பலகையைப் பார்த்து "காழும்பு" என்று வாசித்தான். பிறகு என்னைப் பார்த்து, "பெரியம்மா, காழும்பு எண்டா என்ன?" என்று கேட்டான். நான் எட்டிப் பார்த்தேன். "கொழும்பு" என்று எழுதப்பட்டதுதான். ஆனால் கொம்பு மேல்வரியின் கடைசியில் தனியாகத் தொங்கியது. ககரமும் அரவும் (ா) அடுத்த வரிக்குப் போய்விட்டன. பிள்ளை சரியாகத்தான் வாசித்தான். பலகைதான் பிழை.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியவேண்டும். நம் நாட்டில் இன்னும் நிறைய இடங்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில்தான் ஆர்ட்வேர்க் செய்கிறார்கள். அதில் கொம்பு ஒரு தனி எழுத்தாக முன்னால் தட்டப்படுகிறது. கணினிக்கு அது பக்கத்து எழுத்தோடு சேர்ந்தது என்று தெரியாது. இடம் போதாமல் வரியை உடைத்தால் கொம்பு ஒருபக்கமும் மற்றது இன்னொரு பக்கமுமாகப் போய்விடும். யூனிகோடில் அனுப்பினாலும் சில மென்பொருள்களில் தமிழுக்கான அமைப்பைச் சரியாகப் போடாவிட்டால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுவிடும். வடிவமைக்கிறவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதென்றால் அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். அது அவருடைய குற்றமில்லை. அச்சுக்குப் போக முன்பு தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு தடவை பார்த்தால் போதும். ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை யாரும் எங்களுக்குத் தருவதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மகரகமவில் இருக்கிற ஒரு சிங்களத் தம்பி, வடிவமைப்பாளர், ஒவ்வொரு தமிழ் ஆர்ட்வேர்க்கையும் முடித்தவுடன் வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "அக்கா, கொம்புகள் எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறதா?" என்று கேட்பார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. த-வுக்கும் ந-வுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தானாகவே படித்துக்கொண்டார். அந்த வித்தியாசம் சின்ன விஷயமில்லை. பஸ் ஆசனத்துக்கு மேலே "கர்ப்பிணித் தாய்மார்" என்று இருக்கவேண்டிய இடத்தில் த போய் ந வந்து நின்ற படம் சில வருடங்களுக்கு முன் எல்லோருடைய கைபேசியிலும் சுற்றியது. பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயிற்றில் பிள்ளையோடு அந்தப் பலகைக்குக் கீழே உட்கார்ந்து போன தமிழ்ப் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

சரி, எழுத்துப்பிழை மேலே தெரிகிற காயம். உள்ளே இருப்பது வேறு.

ஒரு சித்திரை மாதத்துக்கு முன்பு ஒரு புத்தாண்டு விளம்பரம் வந்தது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. படத்தில் ஒரு குடும்பம். மேசையில் கிரிபத், கவும், கொக்கிஸ் என்று சிங்களப் புத்தாண்டுச் சாப்பாடு. பிள்ளைகள் அம்மாவுக்கு வெற்றிலை கொடுத்துக் கும்பிடுகிறார்கள். சிங்களத்தில் அந்த வசனம் மிக அழகாக இருந்தது. அவர்களுடைய வீட்டு வாசனை அதில் இருந்தது. எழுதியவர் தன் அம்மாவை நினைத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும். அதே படத்தை வைத்துக்கொண்டு அந்த வசனத்தைத் தமிழில் தரச் சொன்னார்கள். நான் என்ன எழுதுவேன்? எங்கள் வீட்டில் அன்று விடிய மருத்துநீர் வைத்துத் தலை முழுகுவோம். கோயிலில் வாங்கிவந்த மருத்துநீர்ப் போத்தலை அம்மா சாமி அறையில் வைத்திருப்பார். பெரியவர் ஒருவர் வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேடம் தருவார். அந்தக் காசைச் செலவழிக்காமல் வருடம் முழுக்க வைத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். என் அம்மாவின் கைப்பையில் அப்படி ஒரு பழைய இரண்டு ரூபாய்த் தாள் இன்னும் இருக்கிறது. இதில் ஒன்றுக்கும் அந்தப் படத்தில் இடமில்லை. "புத்தாண்டு நல்வாழ்த்துகள்" என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு சொல். இரண்டு சொல்லுக்கான காசு வந்தது.

ஒரு மாதம் முன்பே கேட்டிருந்தால் கைவிசேடத்தைப் பற்றி எழுதியிருப்பேன். அது சேமிப்பைப் பற்றிய விளம்பரம் வேறு! பெரியவர் கையால் வாங்கிய காசை வருடம் முழுக்கச் செலவழிக்காமல் பத்திரப்படுத்துகிற வழக்கம் எங்களிடம் இருக்கிறது. அதைவிட நல்ல விளம்பரம் அந்த நிறுவனத்துக்கு வேறென்ன வேண்டும்? கேட்டால்தானே சொல்ல முடியும்.

இந்த நகரத்தில் ஒரு காலத்தில் கேட்டார்கள். கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசம்பரில் தொடங்கியது. 1950 இல் இலங்கை வானொலி வர்த்தக சேவையைத் தொடங்கியபோது, காசு வாங்கி விளம்பரம் ஒலிபரப்புவது இந்தப் பக்கத்து நாடுகளுக்குப் புதிய விஷயம். இந்தியாவில் அப்போது அகில இந்திய வானொலி அதற்கு இடம் கொடுக்கவில்லை. அது விளம்பரம் ஏற்கத் தொடங்கியது 1967 இல்தான். 1950களின் தொடக்கத்தில் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக இருந்தபோது அங்கே சினிமாப் பாட்டையும் ஒதுக்கிவைத்தார்கள். அதனால் இந்தியாவில் விற்ற ஒரு பற்பசையின் பெயரிலேயே 1952 இல் ஒரு இந்திப் பாட்டு நிகழ்ச்சியைக் கொழும்பிலிருந்துதான் நடத்தினார்கள். தமிழ் வர்த்தக சேவையைத் தமிழ்நாட்டின் கரையோரமெல்லாம் கேட்டார்கள். அதன் அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனன் பெயரைச் சொன்னால் அந்தக் கரையிலும் தெரியும், இந்தக் கரையிலும் தெரியும்.

அந்தக் காலத்து விளம்பரங்கள் எல்லாமே நல்லவை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவை தமிழில் பிறந்தவை. மைக்குக்கு முன்னால் நின்றவருக்குத் தமிழின் மூச்சு தெரியும், எந்தச் சொல்லில் நிறுத்தினால் கேட்கிறவர் காதைத் தீட்டுவார் என்று தெரியும். என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. நேற்றுச் சாப்பிட்டதை மறந்துபோகிறார். ஆனால் சின்ன வயதில் கேட்ட ஒரு சவர்க்கார விளம்பரப் பாட்டைத் துணி மடிக்கும்போது இன்றும் முணுமுணுக்கிறார். அறுபது வருடம் ஒரு மனதில் தங்குகிற எழுத்து அது. அந்த வேலையைச் செய்தது கொழும்பு, சுதந்திர சதுக்கத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த வானொலிக் கட்டடம். சென்னையிலிருந்து வாங்கி வந்து ஒலிபரப்பவில்லை.

இன்றைக்கு எப்படி? தொலைக்காட்சியில் வரும் தமிழ் விளம்பரங்களில் பல சிங்களத்தில் நடித்ததற்குக் குரல் கொடுத்தவை. வாய் ஒன்று சொல்ல, குரல் இன்னொன்று சொல்லும். மீதியில் பல இந்தியாவில் எடுத்தவை. அதில் வருகிற அம்மா "வாங்க, சாப்பிடுங்க" என்பார். எங்கள் அம்மாமார் "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்பார்கள், மலையகத்து அம்மா வேறு மாதிரிச் சொல்வார், மட்டக்களப்பு அம்மா இன்னொரு மாதிரி, புதுக்கடையில் ஒரு முஸ்லிம் உம்மா இன்னுமொரு மாதிரி. இத்தனை தமிழ் இந்த நாட்டில் இருக்க, விளம்பரத்தில் அவை காதில் விழுவது அரிது. சென்னைத் தமிழ்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தன் வீட்டுப் பேச்சை ஒருநாளும் பெரிய திரையிலோ பெரிய பலகையிலோ காணாத பிள்ளை, அது வீட்டுக்குள் மட்டும் வைத்திருக்கவேண்டிய பேச்சு என்று நினைத்துக்கொள்ளும். என் தங்கை மகன் கடைக்காரரிடம் டிவி அம்மாவைப்போலக் கதைக்கிறான். கேட்டால், "அதுதான் வடிவான தமிழ்" என்கிறான்.

இப்போது இயந்திர மொழிபெயர்ப்பும் சேர்ந்துகொண்டது. முன்பு மொழிபெயர்க்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் இப்போது "சரியா என்று மட்டும் பாருங்கள்" என்று வருகிறது, பாதிக் காசுக்கு. வந்த தமிழில் நுளம்பு கொசுவாகியிருக்கும், கதிரை நாற்காலியாகியிருக்கும், பால்மா பால்பவுடராகியிருக்கும், பாண் ரொட்டியாகியிருக்கும். எங்களுக்கு ரொட்டி வேறு, பாண் வேறு. 2017 இல் இந்த நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பிடித்ததே, அந்த வருடம் எங்கள் ஒழுங்கையிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். உயிரைக் காப்பாற்றுகிற செய்தியும் உங்களைப்போன்றவர்களின் கைவழியாகத்தான் எங்களிடம் வருகிறது. சவர்க்காரத்துக்கு அசட்டையாகத் தமிழ் எழுதிப் பழகிய கை, நுளம்புக்கு மட்டும் கவனமாக எழுதுமா?

இனிச் சொல்லப்போவதுதான் என்னை இந்த மடலை எழுதவைத்தது.

எங்கள் மாடி வீட்டில் ஒரு அக்கா இருக்கிறார். ஊர் ஹட்டன் பக்கம். கல்யாணமாகிக் கொட்டாஞ்சேனைக்கு வந்து இருபது வருடம். இரண்டு வீடுகளில் சமைக்கிறார். அவருடைய அம்மா, அம்மாவின் அம்மா எல்லோரும் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். தோமஸ் லிப்டன் 1890 இல் இங்கே வந்து தோட்டங்களை வாங்கித் தேயிலை விற்கத் தொடங்கிய காலத்திலிருந்து, கூடையோடு நிற்கிற தமிழ்ப் பெண்ணின் படம் உலகம் முழுக்க விளம்பரத்தில் போயிருக்கிறது. தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று சொல்லி விற்றார்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலானோரை 1948 குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. கடைசியில் மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003 வரை சட்டம் செய்யவேண்டியிருந்தது. அத்தனை வருடமும் படம் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அவள் முகத்தை வைத்து மற்றவர்களோடு பேசியது விளம்பரம். அவளோடு பேசவில்லை.

அந்த அக்காவோடு ஒருநாள் விளம்பரம் பேசியது. கதவுக்குக் கீழால் ஒரு துண்டுப்பிரசுரம் வந்திருந்தது. தங்கநகை அடகுக் கடன். அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "தங்கச்சி, இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா. மேல இருக்கிறது வெளங்குது, கீழ இருக்கிறது வெளங்கல." மேலே இருந்த தமிழ் முதல்தரமான தமிழ். ஒரு பிழை இல்லை. கொம்பு, அரவு எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பவுணுக்கு இவ்வளவு, வட்டி இவ்வளவுதான், பத்து நிமிடத்தில் பணம், உங்கள் கஷ்டம் எங்களுக்குப் புரியும். வாசிக்கும்போதே மனம் இளகும். யாரோ தமிழில் யோசித்து எழுதியிருக்கிறார்கள். கீழே பத்து வரி, எறும்பு ஊர்ந்த மாதிரி, முழுக்க ஆங்கிலம். அதில் இருந்தது என்னவென்றால், மேலே சொன்ன வட்டி முதல் மாதத்துக்கு மட்டும். அதற்குப் பிறகு வேறு வட்டி. தவணை தப்பினால் ஏலம்.

அக்கா மகளுடைய டியூஷன் காசுக்காகச் சங்கிலியை வைக்க நினைத்திருந்தார். வருடம் முழுக்க அதே வட்டி என்று நினைத்துக் கணக்கும் போட்டு வைத்திருந்தார், கொப்பியின் பின்பக்கத்தில். நான் வாசித்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத மட்டும் ஏன் இங்கிலீஷ்ல போட்டிருக்காங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

என்னால் ஏன் பதில் சொல்ல முடியவில்லை என்றால், எனக்கும் அப்படிப்பட்ட வேலைகள் வந்திருக்கின்றன. மேலே உள்ள மூன்று வரியை மட்டும் அனுப்புவார்கள். கீழே உள்ளது "அப்படியே இருக்கட்டும்" என்பார்கள். நான் மூன்று வரியை எழுதிக் கொடுத்தேன், காசையும் வாங்கினேன். நிபந்தனைகள் எங்கே என்று கேட்கவில்லை. அந்தத் துண்டுப்பிரசுரம் நான் எழுதியதில்லை. ஆனால் எழுதியிருக்கக்கூடியவள் நான். இப்போது கேட்கிறேன், அக்கா கேட்ட அதே கேள்வியை: இதை மட்டும் ஏன் ஆங்கிலத்தில் விட்டீர்கள்?

நீங்கள் வேண்டுமென்றே செய்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. நிபந்தனைகளைச் சட்டப் பிரிவு எழுதும், ஆங்கிலத்தில் வரும், நேரம் இருக்காது, அப்படியே ஒட்டிவிடுவார்கள். பெரும்பாலும் அவ்வளவுதான் நடக்கிறது. ஆனால் வாசிக்கிறவருக்கு அது எப்படிப் போய்ச் சேருகிறது என்று யோசித்துப் பாருங்கள். தமிழில் கூப்பிடுகிறீர்கள். கையெழுத்து வைக்கிற இடம் வந்ததும் அவருக்குத் தெரியாத மொழிக்கு மாறுகிறீர்கள்.

சட்டத்தை எடுத்துக்கொண்டு வரவும் எனக்கு விருப்பமில்லை. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அது அரசாங்கத்துக்கு, துண்டுப்பிரசுரத்துக்கு அல்ல என்பீர்கள். சரி. ஆனால் நுகர்வோரை ஏமாற்றுகிற விதமாக வியாபாரம் செய்யக்கூடாது என்று 2003 ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் சொல்கிறது. அது எல்லோருக்கும் உரியது. விளம்பரம் மாறவே மாறாது என்று யாரும் சொல்லவும் முடியாது. சிகரெட்டுக்கும் மதுவுக்கும் பத்திரிகையிலும் பலகையிலும் விளம்பரம் போட்ட காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிறுத்தியது. உங்கள் தொழில் அழிந்துபோகவில்லை. 2016 இலிருந்து குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவுக்கு ஏற்றபடி சிவப்பு, செம்மஞ்சள், பச்சை அடையாளம் போடுகிறார்கள். என் தங்கை மகன் சிவப்பைக் கண்டால் போத்தலைத் திரும்ப வைக்கிறான். நிறத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. வட்டி வீதத்துக்குத் தேவை.

கிளையண்ட் காசைப் பற்றிக் கேட்பார் என்று சொல்வீர்கள். தமிழ்ச் சந்தை சின்னது என்று ஒரு பேச்சும் இருக்கிறது. 2012 குடிசன மதிப்பீட்டை எடுத்துப் பாருங்கள். இலங்கைத் தமிழர், மலையகத் தமிழர், முஸ்லிம்கள் மூன்று பேரையும் கூட்டினால் நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒருவர். அவர்களில் மிகப் பெரும்பாலானோர் வீட்டில் பேசுவது தமிழ். கொழும்பு மாநகரத்துக்குள்ளே அந்தப் பங்கு இன்னும் கூட. நான்கு பேரில் ஒருவரிடம் முதல்நாள் இரவு அவசரமாகப் பேசுவது என்ன வியாபாரம்?

ஒருநாள் புறக்கோட்டைக்குப் போய் இரண்டாம் குறுக்குத் தெருவின் முனையில் அரைமணி நேரம் நில்லுங்கள். நான் அச்சகத்தில் இருந்த காலத்தில் தினமும் நின்றிருக்கிறேன், பஸ் கூட்டம் குறையும் வரை. நடைபாதையில் பிள்ளைகளின் உடுப்பு விற்கிற ஒருவர் இருந்தார். ஒரு அம்மா வருகிறார். அவர் உடுத்தியிருக்கிற விதத்தை, பொட்டை, முக்காட்டை, பக்கத்தில் இருக்கிறவரோடு அவர் கதைக்கிறதை ஒரே பார்வையில் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். "பலன்ன அக்கே" (பாருங்கள் அக்கா) என்று சிங்களத்தில் சொல்வார் ஒருவரிடம். "எடுத்துப் பாருங்கோ அக்கா, கை வச்சுப் பாருங்கோ, பருத்தி" என்பார் இன்னொருவரிடம். முஸ்லிம் ஐயா ஒருவர் வந்தால் "நாநா, மகளுக்கா, பெருநாளுக்கா?" என்று கேட்பார். மூன்றும் மூன்று வேறு பேச்சு. ஒன்றை மொழிபெயர்த்து மற்றதை அவர் செய்யவில்லை. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்றைப் புதிதாகச் சொன்னார். விலை மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். கேட்டால் அந்த மொழியிலேயே சொல்வார்.

எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த விளம்பரக்காரர் அவர். "விளம்புதல்" என்ற சொல்லுக்குத் தமிழில் சொல்லுதல் என்றும் பொருள், இலையில் உணவு பரிமாறுதல் என்றும் பொருள். அவர் இரண்டையும் செய்தார்.

நான் கேட்பது பெரிய விஷயங்கள் அல்ல. வேலை தொடங்குகிற கூட்டத்துக்குத் தமிழ் எழுதுகிற ஒருவரையும் கூப்பிடுங்கள். நானாக இருக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹட்டன் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் இப்போது கொழும்பில் படிக்கிறார்கள், நன்றாக எழுதுகிற பிள்ளைகள் அவர்களில் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு உங்கள் கதவு எது என்றே தெரியாது. படம் எடுக்க முன்பு அந்தப் பிள்ளையிடம், "உங்கள் வீட்டில் இதை எப்படிச் செய்வீர்கள்?" என்று கேளுங்கள். சொல்லை எண்ணிக் காசு கொடுப்பதை நிறுத்துங்கள். இரண்டு சொல்லைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் எடுக்கும் என்பது சிங்களத்தில் எழுதுகிறவருக்கு நீங்கள் ஒத்துக்கொள்கிற விஷயம்தானே. ஆர்ட்வேர்க் முடிந்த பிறகு, அச்சுக்கு முன்பு, தமிழ் வாசிக்கிற ஒரு கண்ணுக்கு அதைக் காட்டுங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக, தலைப்பு எந்த மொழியிலோ நிபந்தனையும் அந்த மொழியில் இருக்கவேண்டும் என்று உங்கள் நிறுவனத்தில் இன்றே ஒரு விதி வையுங்கள். வாசிக்கக்கூடிய பருமனில் வையுங்கள். இந்த ஒன்றைச் செய்ய ஒரு கூட்டம்கூடத் தேவையில்லை.

என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். இனிமேல் நிபந்தனைகளைத் தவிர்த்துவிட்டுத் தலைப்பை மட்டும் மொழிபெயர்க்கச் சொல்லி வருகிற கடன் விளம்பரம் எதையும் நான் செய்ய மாட்டேன். முழுவதையும் அனுப்புங்கள். நிபந்தனைகளுக்கு நான் காசு கேட்க மாட்டேன்.

தைப்பொங்கல் விளம்பரங்களுக்கு நீங்கள் வழக்கமாக ஜனவரி முதல் வாரத்தில்தான் எங்களைத் தேடுவீர்கள். இந்த முறை நவம்பரில் கூப்பிடுங்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து உங்கள் அலுவலகங்களுக்கு ஒரு பஸ்தான். காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுவேன். மாடி வீட்டு அக்காவையும் கேட்டிருக்கிறேன். தோட்டத்தில் பொங்கல் எப்படி வைப்பார்கள் என்று அவர் வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், வேலைக்கு லீவு கிடைத்தால்.

இப்படிக்கு,
உங்கள் தமிழ் விளம்பரங்களை எழுதுகிறவர்களில் ஒருத்தி
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13